சைக்கிள் கேள்வி–பதில்: தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்த்து நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள்

அக்கா, வணக்கம். நானும் கணவரும் பதின்மூன்று வயது மகனும் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) என்ற பழைய படகுக் கால்வாயின் கரையில் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். மொத்தம் 184.5 மைல். மூவரும் வார இறுதிகளில் சாலையில் 40 மைல் ஓட்டிப் பழகியவர்கள். பாதை சமதளம், கார் தொந்தரவு இல்லை என்கிறார்கள். மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார விடுமுறையில், மூன்று நாளில் முடித்துவிட முடியுமா? கூடாரமும் சமையல் சாமானும் எங்களோடு வரும்.
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

மூன்று நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பையனையும் கூடாரத்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் அப்படிப் போக வேண்டாம் தங்கையே. ஆறு நாள் வையுங்கள். மழைக்கென்று ஏழாவது நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு விடுமுறை இந்த மே மாதம் கிடைக்காது என்றால், செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். அல்லது பாதித் தூரம் போங்கள். பாதியை நிதானமாகப் பார்த்த பையன் அடுத்த வருடம் மீதியைப் பார்க்க அவனே உங்களை இழுத்துக்கொண்டு போவான்.

சமதளம் என்பதை நம்பித்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். உண்மைதான், வாஷிங்டனில் கால்வாய் தொடங்கும் ஜார்ஜ்டவுனுக்கும் கம்பர்லாந்துக்கும் உயர வித்தியாசம் 605 அடி மட்டுமே. அந்த உயரத்தையும் 74 லாக்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. லாக் என்பது இரண்டு பக்கமும் மரக்கதவு வைத்த கல்தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். கரைப்பாதையில் வரும் உங்களுக்கு ஒவ்வொரு லாக்கும் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். ஆனால் ஏற்றம் இல்லாத பாதையில் இறக்கமும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். நாள் முழுக்க ஒரே நிலையில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலுக்கு முன்னால் இடுப்பும் உள்ளங்கையும் வலிக்கத் தொடங்கும். தரையும் தார்ச்சாலை இல்லை. பல பகுதிகளில் சமீப ஆண்டுகளில் நொறுக்கிய கல்லைப் பரப்பிச் சீர்செய்திருக்கிறார்கள். மேற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சக்கரத் தடமும் நடுவில் புல்லுமாக, வேர் புடைத்துக்கொண்டு கிடக்கிற இடங்கள் நிறைய. மழை பெய்தால் சேறு மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். சாலையில் 40 மைல் ஓட்டுபவருக்குச் சுமையோடு இங்கே 30 மைல் போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மொத்த மைலை நாட்களால் வகுத்து நடுவில் கோடு போடாதீர்கள். வரைபடத்தை விரித்து, முதலில் தண்ணீர் கிடைக்கும் இடங்களைக் குறியுங்கள். அடுத்தது படுக்க இடம். மூன்றாவது கடை இருக்கும் ஊர். இந்த மூன்றையும் குறித்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு நாளும் எங்கே முடிய வேண்டும் என்று வரைபடமே சொல்லிவிடும்.

கரையோரமாகச் சில மைல்களுக்கு ஒன்றாகச் சிறு முகாம்கள் இருக்கின்றன. நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்கு மட்டுமே உரியவை. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு இடம். ஒரே முகாமில் இரண்டாவது இரவு தங்கக் கூடாது. ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், ஒரு தற்காலிகக் கழிப்பறை, ஒரு கைப்பம்பு, பெரும்பாலும் இவ்வளவுதான். அந்தப் பம்பை உங்கள் பையனிடம் விட்டுவிடுங்கள். நீண்ட இரும்புப் பிடி. முதல் சில அடிகளுக்குக் காற்று மட்டும் இழுபடும், பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம், அதன் பின் துருநிறத்தில் கொஞ்சம். அதை ஓடவிட்டுப் பிடித்தால் பல் கூசுகிற குளிர்ச்சியில் நல்ல தண்ணீர். அயோடின் கலந்து சுத்திகரிப்பதால் லேசாக மருந்து வாடை வரும். உங்களில் யாருக்காவது தைராய்டு தொல்லை இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பம்புகளை மூடிவிடுவார்கள். பருவத்திலும், பரிசோதனையில் தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தால் பிடியைக் கழற்றிவிடுவார்கள். பிடி இல்லாத பம்பின் முன்னால் காலிப் புட்டியோடு நிற்கிற நிலை வரக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் கொள்கிற அளவுக்குப் புட்டிகளும், பக்கத்தில் ஓடும் பொட்டோமாக் ஆற்றின் நீரை வடிக்கும் சிறு வடிகட்டி ஒன்றும் கட்டாயம்.

திசையையும் மாற்றச் சொல்வேன். வாஷிங்டனிலிருந்து கிளம்பாதீர்கள், ரயிலில் கம்பர்லாந்து போய், சைக்கிளில் வாஷிங்டனுக்குத் திரும்புங்கள். பயணக் கடைசியில் ரயில் டிக்கெட் இருந்தால் ஆறு நாளும் அந்த நேரத்தைத் துரத்திக்கொண்டே ஓட்டுவீர்கள். முதலிலேயே ரயிலை முடித்துவிட்டால், மழை வந்தால் ஒரு நாள் உட்கார்ந்துகொள்ளலாம். முன்பு கேப்பிட்டல் லிமிடெட் என்று ஓடிய ஆம்ட்ராக் ரயில் 2024 நவம்பரிலிருந்து ஃப்ளோரிடியன் என்ற பெயரில் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒரே வண்டி. சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு உண்டு, இடங்கள் மிகக் குறைவு. ஆகவே உங்கள் விடுமுறைத் தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் சைக்கிள் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புக்கான கேஸ் குப்பியை ரயிலில் ஏற்ற அனுமதி கிடையாது. இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கரையோரம் மைல் எண் பொறித்த கம்பங்கள் நிற்கும். ஜார்ஜ்டவுன் பூஜ்யம். கம்பர்லாந்திலிருந்து வரும்போது எண் குறைந்துகொண்டே வரும். களைத்த பிள்ளைக்கு அதுவே ஒரு தெம்பு.

முதல் நாள் கம்பர்லாந்திலிருந்து பாபா (Paw Paw) என்ற ஊர்ப்பக்கம் வரை, சுமார் 28 மைல். அங்கே கால்வாய் மலைக்குள் ஒரு சுரங்கம் வழியாகப் போகிறது; முகாம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, சுரங்கத்தை மறுநாள் காலைக்கு வையுங்கள். 3,118 அடி நீளம். பொட்டோமாக் நதி ஆறு மைல் தூரத்துக்கு வளைந்து வளைந்து போவதைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 1836-இல் தொடங்கியபோது இரண்டு வருட வேலை என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், திறந்தது 1850-இல். உள்ளே விளக்கு இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடங்கள், தலையில் ஒரு விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் கைப்பிடி மரம், அதற்குக் கீழே கறுத்த தண்ணீர். நடுவில் ஓரிடத்தில் நின்று அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மகனை. விரல் நுழைகிற அளவுக்கு வழவழப்பான பள்ளங்கள் தட்டுப்படும். கோவேறு கழுதைகள் இழுத்துவந்த படகுகளின் கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள் அவை. நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகு இந்த இருட்டுக்குள் நடைவேகத்தில் போயிருக்கிறது. இதைத் தொட்டுப் பார்க்க நேரமில்லாத திட்டம் எனக்குப் பிடிக்காது.

இரண்டாம் நாள் ஹான்காக் வரை, 32 மைல். இந்த நாளில் கவனம் தேவை. இடையில் லிட்டில் ஆர்லியன்ஸ் தவிர ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கைபேசி சிக்னலும் பல இடங்களில் வராது. முதல் இரண்டு நாள் சாப்பாடு முழுவதும் கம்பர்லாந்திலேயே பையில் இருக்க வேண்டும். ஹான்காக் போனதும் அறை எடுத்துக் குளித்து, துணி துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வில்லியம்ஸ்போர்ட் வரை 25 மைல்தான். அதில் பாதித் தூரம் கால்வாய்க்கு இணையாகப் பழைய ரயில்பாதையைத் தார் போட்டு சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். கரையில் சேறாக இருந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் ஷெப்பர்ட்ஸ்டவுன் பக்கம். வழியில் 88-ஆம் மைலிலிருந்து கால்வாயே இருக்காது, படகுகள் ஆற்றுக்குள் இறங்கிப் போன இடம் அது. பாறைக்கும் பொட்டோமாக் ஆற்றுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு போகிறது பாதை. வெள்ளத்தில் சிதைந்து வருடக்கணக்கில் மூடிக் கிடந்த அந்தப் பகுதியை 2012-இல் கான்கிரீட் போட்டுத் திறந்தார்கள். ஐந்தாம் நாள் ஹார்ப்பர்ஸ் ஃபெரி வழியாக மோனோகசி. ஆறாம் நாள் 42 மைல், ஜார்ஜ்டவுன். இது உங்கள் மகனுக்கு நீளம் என்றால் நடுவில் ஒரு முகாமில் தங்கி, கையிருப்பு நாளைச் செலவழியுங்கள். கடைசி 15 மைல் சனி, ஞாயிறுகளில் நடைபயிற்சிக் கூட்டத்தால் நிரம்பி வழியும். வாரநாளில் ஊருக்குள் நுழையும்படி தேதியை அமையுங்கள்.

எங்கள் குடும்பத்தில் ரோடு பைக் இரண்டு இருக்கின்றன. அவற்றையே கொண்டுபோகலாமா?
— வாசகர், ஆஷ்பர்ன், வர்ஜீனியா

மெல்லிய டயர் வேண்டாம். 40 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். உங்கள் வண்டியில் அது நுழையாது என்றால் வாடகைக்கு எடுங்கள். மட்கார்டு, மணி, ஆளுக்கு இரண்டு உபரி ட்யூப். மணி அலங்காரத்துக்கு இல்லை. நடப்பவரையும் குதிரையில் வருபவரையும் தாண்டும்போது அடித்தே ஆக வேண்டும் என்பது விதி. வேகம் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது. கால்வாயை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் தொட்டிப்பாலங்களில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு 58 வயது. தனியாகப் போக ஆசை. மகள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். தனியே ஒரு பெண் அந்தக் காட்டில் இரவு தங்குவது பாதுகாப்புதானா?
— வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ

உங்கள் மகளின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அவள் பயப்படுகிற விஷயம் வேறு, நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. மனிதர்களைப் பொறுத்தவரை, நான் இந்தக் கரையில் சந்தித்தவர்கள் பெரும்பாலும் என் வயதை ஒத்தவர்கள். பாதிப்பேர் ஓய்வு பெற்ற தம்பதியர். ஆனாலும் தனியாக இருக்கும்போது சாலை வந்து தொடுகிற முகாம்களை விட்டுவிட்டு, சற்று உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இடம் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அடுத்த முகாமுக்குப் போய்விட வெளிச்சம் மிச்சம் இருக்கும்படி மாலை நான்கு மணிக்கே நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊரில் அறை எடுங்கள். கூடாரத் துணிவு இல்லையென்றால் இன்னொரு வழி: பழைய லாக் காவலர்களின் வெள்ளையடித்த கல்வீடுகள் சிலவற்றைக் கால்வாய் அறக்கட்டளை வாடகைக்கு விடுகிறது. சிலவற்றில் மின்சாரம் உண்டு, சிலவற்றில் இல்லை. கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் நீங்கள் அஞ்ச வேண்டியது உண்ணிக்குத்தான். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் ஒட்டிக்கொள்ளும், லைம் காய்ச்சலைக் கொண்டுவரும் மான் உண்ணி கடுகளவுதான் இருக்கும். ஒவ்வொரு மாலையும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதின் பின்புறம் எல்லாவற்றையும் விளக்கு வைத்துப் பாருங்கள். தனியாகப் போகிறவர் முதுகைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி எடுத்துப்போக வேண்டும். மூன்று மூன்று இலையாக வரும் நச்சுக் கொடி ஒன்று கரையெங்கும் படர்ந்திருக்கிறது, தொட்டால் தோல் கொப்பளித்துப்போகும். காட்டில் ஒதுங்கும்போது கவனம்.

மகளுக்கு ஒவ்வொரு நாளும் எந்த மைல் கம்பத்தில் தங்குகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத நாட்கள் எவை என்பதையும் முன்பே சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாம் நாள் மாலையே அவள் போலீஸுக்குப் போன் செய்துவிடுவாள். போய்வாருங்கள் அம்மா, இந்த ஆசையை அடுத்த வருடத்துக்கென்று வைக்காதீர்கள்.

நாங்கள் சைவம். வழியில் என்ன கிடைக்கும்?
— வாசகர், எடிசன்

சீஸ் பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலை வெண்ணெய். ஆகவே கையில் கொண்டுபோங்கள். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, ஆறிய பிறகு கட்டினால் இரவு வரை தாங்கும். பிறகு வறுத்த ரவையில் தாளிப்பைக் கலந்து பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டால், கொதிக்கிற தண்ணீர் மட்டும் போதும், உப்புமா ஆயிற்று. சத்துமாவு, பேரீச்சை, கடலை மிட்டாய், எலுமிச்சை ஊறுகாய். வியர்வை வடிகிற உடம்பு உப்பைக் கேட்கும், ஊறுகாயை மறக்காதீர்கள். இந்தப் பூங்காவில் குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டுபோகிற காகிதமும் பிளாஸ்டிக்கும் உங்களோடே திரும்பி வர வேண்டும். அதனால் பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்து ஒரே பையில் கொட்டிக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் போனால் கரையோர மரங்களில் பாபா பழம் பழுத்திருக்கும். அந்தச் சுரங்கத்துக்கும் ஊருக்கும் பெயர் இதனால் வந்தது. நம் சீத்தாப்பழத்தின் குடும்பமே. பிளந்தால் மஞ்சள் சதையும் பெரிய கறுப்பு விதையும், வாழைப்பழமும் மாம்பழமும் கலந்த சுவை. மிகக் கனிந்தது மட்டுமே நல்லது, விதையைத் தின்னக் கூடாது.

கால்வாய் என்கிறீர்கள், போன கோடையில் நாங்கள் பார்த்தபோது பாதி இடத்தில் தண்ணீரே இல்லை, மரம் முளைத்திருக்கிறது. ஏன்?
— எட்டாம் வகுப்பு மாணவர், ராக்வில், மேரிலாந்து

நல்ல கேள்வி தம்பி. இந்தக் கால்வாயை ஒஹாயோ ஆறு வரை கொண்டுபோவதாகத் திட்டம். 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குயின்ஸி ஆடம்ஸ் மண்வெட்டி எடுத்துத் தொடங்கிவைத்தார். அதே நாளில் பால்டிமோரில் ஒரு ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842-இல் கம்பர்லாந்தை எட்டிவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850-இல். அதற்குமேல் தோண்ட அவசியம் இருக்கவில்லை. அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள்தான் பெரும்பகுதியைத் தோண்டினார்கள். 1832-இல் காலரா வந்து அவர்களில் ஏராளமானோர் இறந்தார்கள். அவ்வளவு உயிர் கொடுத்துத் தோண்டிய கால்வாயில் நிலக்கரிப் படகுகள் ஓடின. 1924 வெள்ளம் கரைகளை உடைத்தபோது பழுதுபார்க்காமல் விட்டுவிட்டார்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் மரம் வந்தது.

பிறகு இதன்மேல் கார்ச்சாலை போடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது, அதை ஆதரித்து வாஷிங்டன் போஸ்ட் தலையங்கமும் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், என்னோடு நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அந்தப் பத்திரிகையாளர்களை அழைத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் அவரோடு சேர்த்து ஒன்பது பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. நீ நடந்த இடம் நெடுஞ்சாலை ஆகாமல் இருப்பதற்கு அந்த நடை ஒரு காரணம்.

மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், வயது 67. முழங்கால் முன்போல் இல்லை, ஆனால் கோவையில் தினமும் ஆறு மைல் மிதிக்கிறவன். எனக்கு ஒரே நாள் கிடைக்கும். எந்த இடம்?
— வாசகர், கோயம்புத்தூர், இப்போது பால்டிமோர்

ஒரே நாள் என்றால் தயங்காமல் சொல்வேன் ஐயா: மோனோகசி தொட்டிப்பாலம். நான் பிரடெரிக்கில் இருப்பதால் இது என் வீட்டுப் பக்கம், அந்தப் பாசமும் இருக்கலாம். என் அப்பா கல்லணைக் கால்வாயில் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியராக, இருந்தவர். ஒரு மதகின் கட்டுமானத்தை எப்படி நின்று பார்க்க வேண்டும் என்று அவரிடம் கற்றவள் நான். அந்தக் கண்ணோடு சொல்கிறேன், இது பார்க்க வேண்டிய கல்வேலை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பள்ளத்தாக்குக்கு மேல் உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகிறது. இது ஆற்றுக்கு மேல் தாழ்வாக, படகையும் சேர்த்துக் கொண்டுபோனது. 516 அடி நீளம், ஏழு வளைவுகள், 1829-இல் தொடங்கி 1833-இல் முடித்தார்கள். பக்கத்திலுள்ள சுகர்லோஃப் மலையடிவாரத்துக் கல். காலை வெயிலில் அதில் லேசான இளஞ்சிவப்பு ஓடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையினர் இதைத் தகர்க்க முயன்றார்கள்; கல்லைத் துளைத்து வெடிமருந்து வைக்க அவர்களால் முடியவில்லை. 1972-இல் ஆக்னஸ் புயல்வெள்ளம் பலமாக அடித்தது. இரும்புக் கட்டுகள் போட்டுப் பல வருடம் தாங்கிப் பிடித்து, 2005-இல் முழுமையாகச் செப்பனிட்டார்கள்.

மகனை அங்கேயே காரை நிறுத்தச் சொல்லுங்கள். 42-ஆம் மைலிலிருந்து மேற்கே பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் வரை ஆறு மைல். அங்கே பழைய ரயில் நிலையம் ஒன்று கோபுரத்தோடு நிற்கிறது. சற்று உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புங்கள். போக வரப் பன்னிரண்டு மைல், உங்கள் முழங்காலுக்கு அது போதும். பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருமுறை கடந்துவிட்டு, பிறகு கரைச்சரிவில் கீழே இறங்கி வளைவுகளை ஆற்று மட்டத்திலிருந்து பாருங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் அந்தப் பகுதி திறந்திருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் வடிந்த பிறகும் சில நாள் சேறு நிற்கும். அப்படியானால் இரண்டு நாள் தள்ளிப் போவது நல்லது.